பதினைந்து பைசா டீ

எழுபதுகளைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் விலையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். டீ 15 பைசா. தரை டிக்கெட்டு நாலணா. பத்துக் கிராம் தங்கம் 1970-ல் 184 ரூபாய். அப்புறம் இலங்கை வானொலி, பெல்பாட்டம், ஸ்டெப் கட்டிங், கோபால் பல்பொடி. அப்புறம் ஒரு பெருமூச்சு. இந்த வரிசை மாறி நான் படித்ததில்லை. தீபாவளி மலர்களில் இப்படித்தான். நடிகர்கள் சொல்லி எழுதின வாழ்க்கை வரலாறுகளிலும் இப்படித்தான். போன வருஷம் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று போட்ட விழா மலரிலும் இப்படித்தான்.

அந்த மலருக்கு என்னிடமும் கேட்டிருந்தார்கள். எம்.ஏ. தமிழ் படித்த பொண்ணு, கூட்டத்தில் பேசுகிற பொண்ணு, ‘எழுபதுகளில் நம் ஊர்’ என்று மூன்று பக்கம் எழுதிக்கொடும்மா என்றார் மலர்க்குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் பிறப்பதற்கு முந்தின காலம். எங்க ஆயாவைக் கேட்டுத்தான் எழுதினேன். அச்சாகி வந்தபோது மூன்று பக்கம் ஒன்றேகால் பக்கம் ஆகியிருந்தது. டீ விலை இருந்தது. டூரிங் கொட்டாய் இருந்தது. கொட்டாங்கச்சி இல்லை. போய்க் கேட்டேன். “விழா மலராச்சேம்மா, கசப்பு எதுக்கு” என்றார்.

அந்தக் கோபத்தில் இதை எழுதவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் அவர்மேல் இல்லை. விலையைச் சொல்லி ஒரு காலத்தை எழுதுகிற இந்த முறை இருக்கிறதே, அது யாருடைய முறை? அதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் காசு. டீ 15 பைசா என்று எழுதுகிறவர் கையில் 15 பைசா இருந்தது. எங்க ஆயா கையில் இல்லை. தென்னாற்காடு ஜில்லாவில் எங்கள் காலனியிலிருந்து நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்களுக்குக் கூலி நெல்லு. ஆம்பளைக்கு மூணு படி, பொம்பளைக்கு ரெண்டு படி. அதிலும் கால்வாசி கருக்கா. உப்பு, மண்ணெண்ணெய், கருவாடு எது வேண்டுமென்றாலும் அந்த நெல்லை முந்தானையில் முடிந்து கடைக்குக் கொண்டுபோக வேண்டும். “ஆண்டை குடுக்கறப்ப சின்ன படி, கடைக்காரன் வாங்கறப்ப பெரிய படி. நடுவுல ஒரு கை நெல்லு எங்க போச்சின்னு எந்தச் சாமியும் சொல்லாது” என்கிறது ஆயா. தங்கம் 184 ரூபாய்க்கு விற்ற வருஷத்தில் தங்கம் என்ன விலை என்பதே ஆயாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த விலை ஒரு படி நெல்லுக்கு எத்தனை கருவாடு என்பதுதான்.

அந்த நெல்லுக்காகத்தான் கீழ்வெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கணபதியா பிள்ளை கமிஷன் வந்தது, 1969-ல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1973-ல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. எழுபதுகளின் விலைப்பட்டியல் போடுகிற ஒருவர்கூட அரைப்படி நெல்லை அந்தப் பட்டியலில் சேர்த்ததை நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் ஆயா சொன்னது. படித்த பொருளாதாரப் புத்தகத்தில் எனக்குப் புரியாதது அன்றைக்குத்தான் புரிந்தது. 1973, 74-ல் விலைவாசி ஏறியது. பெட்ரோல் நெருக்கடி, பஞ்சம், ரயில்வே வேலைநிறுத்தம் எல்லாம் சேர்ந்த வருஷங்கள். 1974-75-ல் நாடு முழுக்க மொத்த விலை ஏற்றம் 25 சதவீதத்தைத் தொட்டது. நெல் விலை ஏறினால் நெல்லாகக் கூலி வாங்குகிறவளுக்குக் கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கும் அல்லவா? அந்த வருஷம்தான் எங்கள் ஊர் ஆண்டை “இனிமே நெல்லு கிடையாது, காசுதான்” என்று சொன்னாராம். ஆயா கையில் முதன்முதலாகக் கூலிக்காசு விழுந்தது. ஒண்ணரை ரூபாய். அதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தால் ஒண்ணரைப் படி நெல்கூட வரவில்லை. நெல் ஏறும்போது காசு, நெல் இறங்கினால் திரும்ப நெல். ‘பணப்பொருளாதாரம் கிராமத்துக்குள் நுழைந்தது’ என்று ஆய்வாளர்கள் எழுதுவது இதைத்தான் போலிருக்கிறது. (1971-ல் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்து 1974-ல் மூடினார்கள். அந்தக் காசு எங்கே போனது என்பது தனிக் கட்டுரை.)

சரி, எப்படியோ 15 பைசா சேர்ந்துவிட்டது. டீக்கடைக்குப் போகலாம்.

ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், பெஞ்சு, ரேடியோ. எங்களுக்குக் கூரை எறவானத்தில் சொருகி வைத்த கொட்டாங்கச்சி. பிற்பாடு நசுங்கின அலுமினிய டம்ளர். நாமே எடுக்கணும், நாமே கழுவணும், குந்திக் குடிக்கணும், திரும்பக் கழுவிச் சொருகணும். காசை மேடையில் வைக்கணும், மீதிச் சில்லறை உயரத்திலிருந்து விழும். விலை மட்டும் ஒரே விலை. அந்த 15 பைசாவில் கிளாஸ் கழுவுகிறவன் கூலியும் பெஞ்சு வாடகையும் ரேடியோ லைசென்சும் அடக்கம். அவ்வளவுக்கும் நாங்கள் காசு கொடுத்தோம். வாங்கிக்கொண்டது டீயை மட்டும். 1955-லேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் இருந்தது. 1976-ல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று புதுப்பெயர் வைத்தார்கள். கொட்டாங்கச்சிக்குச் சேதி வந்து சேரவில்லை.

அதே 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது. பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா இசை. நடவுப் பாட்டின் மெட்டும் தாலாட்டின் இழுப்பும் ரேடியோவில் வந்ததைக் கேட்டு ஊரே சொக்கிப்போனது என்று எழுதுகிறார்கள். உண்மைதான், ஆயாவும் சொக்கியது. “நாம பாடறத ரேடியோல பாடறான்டின்னு நாங்க கேட்டோம்.” எங்கே நின்று கேட்டீங்க ஆயா என்றேன். “கடைக்கு வெளியதான். உள்ள எப்பிடிப் போறது?”

கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972-ல் வந்த நாவல். யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைக்குள்ளும் கோயிலுக்குள்ளும் நுழையப் போராடினவர்களின் கதை. இங்கே பூமணியின் ‘பிறகு’ 1979-ல் வந்தது. நான் எம்.ஏ. படித்தபோது எழுபதுகளின் நாவல் என்று எங்களுக்கு நடத்தினது இந்த இரண்டும் இல்லை. ஜெயகாந்தனும் இந்திரா பார்த்தசாரதியும். ‘குருதிப்புனல்’ 1975, சாகித்திய அகாதெமி விருது 1977. வெண்மணியை எழுதின நாவல் என்று பேர். படித்தால் மிராசுதாரின் ஆண்மைக்குறைவில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. கூலிக்கும் சாதிக்கும் நடந்த கொலைக்கு மனோதத்துவத்தில் காரணம் தேடுகிறது. அரைப்படி நெல் அந்த நாவலாசிரியருக்குப் போதுமான காரணமாகப் படவில்லை.

இனி சினிமா. இங்கேதான் ஆயா என் கணக்கைக் கலைத்தது.

எங்க அம்மா பிறந்தது ‘ரிக்‌ஷாக்காரன்’ வந்த வருஷம் என்பது ஆயா கணக்கு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தன்பாட்டுக்குப் போட்ட ஜூன் ஒண்ணாந்தேதியைவிட இந்தக் கணக்கை நான் நம்புகிறேன். படம் 1971. எங்கள் பக்கம் டூரிங் கொட்டாய்க்கு வந்தபோது அம்மா கைக்குழந்தை. மூணு மைல் நடந்து போவார்களாம். மல்லாட்டை உடைத்த கூலியில் எடுத்து வைத்த நாலணா. கொட்டாயில் சாமி பாட்டு போட்டால் படம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம், உடனே ஓட்டம். முன்னால் மணல், அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. ஆம்பளைப் பக்கம், பொம்பளைப் பக்கம், நடுவில் குட்டைச் சுவர். ஒரே மிஷின் என்பதால் ரீல் மாற்ற மாற்ற நாலு இடைவேளை. மணலைக் குவித்து மேடு கட்டி உட்காருவார்கள். பிள்ளை மூத்திரம் போனால் மணலைத் தள்ளி மூடுவார்கள்.

நான் கேட்டேன்: அங்கேயும் தனியாத்தான் உட்கார வச்சாங்களா? “ஏ குட்டி, அங்க ஏது? நாலணா குடுத்தவ எல்லாம் மணல்லதான். ஊர்ல இல்லாதப்பட்டவளும் எம்பக்கத்துலதான் குந்துவா. படம் ஓடற வரைக்கும் ஒண்ணா அழுவோம். லைட்டு போட்டா அந்தப் பக்கம் திரும்பிக்குவா.”

டீக்கடையில் 15 பைசா வாங்கித்தராததை இருட்டில் நாலணா வாங்கித்தந்திருக்கிறது. இதை நான் எழுதிக்கொடுத்தேன், மலரில் இதுவும் போய்விட்டது. எனக்கு அதில்தான் அதிக வருத்தம். கசப்பு வேண்டாம் என்றவர்கள் இனிப்பையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். ஏனென்றால் லைட்டு போட்டதும் திரும்பிக்கொண்ட முகம் யாருடைய பெரியம்மா, யாருடைய அத்தை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

எம்.ஜி.ஆர். படங்களைப் பற்றி நம் தோழர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பொய்க் கனவு, பாமரனை மயக்கின வேலை என்று. நானும் மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன். தமிழ்நாட்டில் கைரிக்‌ஷாவை ஒழித்தது 1973-ல். அதற்கு இரண்டு வருஷம் முந்தி ரிக்‌ஷாக்காரனாக நடித்து அவர் தேசிய விருது வாங்கினார். நிஜத்தில் ரிக்‌ஷா இழுத்த நெஞ்சுகளில் எத்தனை நெஞ்சு சேரியிலிருந்து வந்தது என்று படம் சொல்லவில்லை. அந்த நாயகனுக்குச் சாதியே இல்லை. இதுதான் மோசடி என்று ஆயாவிடம் விளக்கினேன். ஆயா சிரித்தது. “அவரு இன்னா சாதின்னு படத்துல சொல்லல இல்ல? அதான் நம்மாளுன்னு நாங்க எடுத்துக்கினோம்.”

நான் பதில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஏனென்றால் விமர்சகர்கள் கொண்டாடுகிற பின்-எழுபதுகளின் படங்களில் இப்படி எடுத்துக்கொள்ள இடமே இல்லை. ‘16 வயதினிலே’ 1977, ‘முள்ளும் மலரும்’ 1978, ‘உதிரிப்பூக்கள்’ 1979. காமிரா ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துக்குப் போனது என்கிறார்கள். போனது, ஊர்த்தெரு வரைக்கும். ‘முள்ளும் மலரும்’ நான் நாலு தடவை பார்த்த படம், இன்னும் பார்ப்பேன். ஆனால் மண்ணின் நிஜம் என்று ஊரின் நடை, உடை, பேச்சு எல்லாம் திரைக்கு வர வர, பேர் சொல்லாத நாயகனுக்குள் ஆயா போய் உட்கார்ந்த அந்த மணல்மேடு காணாமல் போயிற்று. யதார்த்தம் வந்தபோது நாங்கள் வெளியே. ‘பசி’ 1979-ல் வந்தது. குப்பை பொறுக்குகிற பெண்ணாக நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது. குடிசையும் பசியும் அதில் உண்டு. அந்தக் குடிசைக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்று கேட்டிருந்தால் வேறு படமாயிருக்கும்.

‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’யும் அதே 1979. ரவிக்கை போடாத ஊருக்கு ரவிக்கை போட்ட மனைவி வருகிறாள். ஆயா அதைப் பார்க்கவில்லை. கதையைச் சொன்னேன். “நாங்க ரவிக்கை போட்டப்ப தையக்காரன் அளவெடுக்க மாட்டான். தள்ளி நிக்கச் சொல்லிக் கண்ணாலயே பாத்துத் தைப்பான். கை ஒண்ணு பெருசா ஒண்ணு சிறுசா இருக்கும். அதப் போட்டுக்கினு ஊர்த்தெருவுல போனா ‘இன்னாடி மினுக்கு’ம்பாங்க.” அதற்கு மேல் ஆயா அந்தக் கதையில் ஆர்வம் காட்டவில்லை.

1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்த மாசம் எங்கள் காலனியில் ஒருவரும் டவுனுக்குப் படம் பார்க்கப் போகவில்லை என்பதையும் அந்த மூன்று பக்கத்தில் எழுதியிருந்தேன்.

ஆயா என்னைத் திட்டினதையும் சொல்லிவிட வேண்டும். நாலாவது நாள் நோட்டோடு போய் உட்கார்ந்ததும், “நீ கேக்கறதெல்லாம் அழுவறதுக்கே இருக்குது. சிரிச்சதக் கேளேன்” என்றது. அப்புறம்தான் கொட்டாய் வந்தது. அதுவரைக்கும் கேட்ட மூன்று நாளும் நான் ஆண்டையைப் பற்றித்தான் கேட்டிருந்தேன். சாட்சியம் வாங்கப் போகிற நம் பத்திரிகைக்காரர்கள், என்னையும் சேர்த்து, இதைக் கொஞ்சம் கவனிக்கணும்.

மலர் வந்ததும் ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்து தெரியாது, காது நல்லா கேட்கும். டீ 15 பைசா என்று வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னது.

“அது அப்பறம் ஏத்தினது. மொதல்ல பத்துப் பைசா.”

சரி ஆயா என்றேன்.

“இன்னொண்ணு. கிளாசுல ஊத்தறதும் கொட்டாங்கச்சில ஊத்தறதும் ஒரே அளவுன்னு நெனச்சிக்காத. பாதிக்குக் கொஞ்சம் மேல ஊத்துவான், அவ்ளோதான். ததும்பினா கையில படும்னு.”

யார் கையில் என்று கேட்டேன்.

“அவன் கையிலதான்.”