கரண்டை வடிகட்டுவோர்

வீட்டில் பாட்டுக் கேட்பதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. சுவர் பிளக்கிலிருந்து வரும் கரண்ட் அழுக்கானது, ரூட்டரும் கம்ப்யூட்டரும் அதை மேலும் அழுக்காக்குகின்றன, அதை வடிகட்டிவிட்டால் இசை துலங்கும் என்பதே அது. இதை வைத்துத் தனிச் சந்தையே நடக்கிறது. பவர் கண்டிஷனர், ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், கட்டைவிரல் பருமனில் பவர் கார்டு என்று வகைவகையாக விற்கிறார்கள். ஆம்ப்ளிஃபையரின் விலையை எட்டிப் பிடிக்கும் பெட்டிகளும் உண்டு. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று மொத்தமாக ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரு தரப்போடும் உடன்பாடில்லை. இரைச்சல் உண்மை. அதைக் கிளப்புவது பெரும்பாலும் டிஜிட்டல் சாதனங்கள்தான் என்பதும் உண்மை. அது எந்த வாசல் வழியாக ஆம்ப்புக்குள் நுழைகிறது என்ற கணிப்பில்தான் கோளாறு.

ரூட்டர், செட்டாப் பாக்ஸ், போன் சார்ஜர், லேப்டாப் அடாப்டர், எல்.இ.டி. பல்பு என்று இன்றைய வீட்டில் பிளக்கில் செருகும் அநேகமாக எல்லாவற்றிலும் எஸ்.எம்.பி.எஸ். வகை மின்வழங்கி இருக்கிறது. 230 வோல்ட்டை டி.சி.யாக மாற்றி, அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை, சிலவற்றில் லட்சக்கணக்கான தடவை வெட்டி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்குவது அதன் வேலை. வெட்டு எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு மின்சாரம் மிச்சம்; இரைச்சலும் அந்தக் கூர்மையிலிருந்துதான் பிறக்கிறது. அது கம்பி வழியே வெளியேறாமலிருக்க சிஸ்பர் என்ற சர்வதேச அமைப்பு 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை வரம்பு விதித்திருக்கிறது. பெயரில்லாத மலிவு அடாப்டர்களைத் திறந்து பார்த்தால், அந்த வரம்புக்காக வைக்க வேண்டிய வடிகட்டியின் இடம் பல சமயம் காலியாகவோ வெறும் கம்பித் துண்டாகவோ இருக்கும். அடாப்டரின் மேல் அச்சடிக்கப்படும் ஐ.எஸ். 13252 தரக்குறி ஷாக், தீ போன்றவற்றிலிருந்து காக்கும் பாதுகாப்பு விதிக்கானது. இரைச்சலைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறதே, அதற்கு மேலுள்ள இரைச்சலால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். 2ஜி செல்போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு விடை தெரியும். மணி அடிப்பதற்குச் சற்று முன்பே ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கிவிடும். போனின் அலை 900 மெகாஹெர்ட்ஸ். அது நம் காதில் விழாது. ஆனால் அந்த அலை தொடர்ச்சியாக வராமல் நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு வருகிறது. ஆம்ப்பின் நுழைவாயிலில் உள்ள டிரான்சிஸ்டர் அந்த அலையை டயோடு போலப் பிடித்து, 217 ஹெர்ட்ஸ் துடிப்பை மட்டும் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. அடாப்டர் கிளப்பும் உயர் அலைவரிசை இரைச்சலும் இதே பாதையில் கேட்கும் ஒலியாக மாறலாம். ஆக, நோயைக் கரண்டை வடிகட்டுவோர் சரியாகவே கண்டிருக்கிறார்கள்.

இனி மருந்து. கண்டிஷனர் பெட்டியை ஆம்ப்பின் பவர் கார்டில் மாட்டுகிறார்கள். இரைச்சல் அந்தக் கார்டு வழியே உள்ளே போய் இசையோடு கலக்கிறது என்பது இதன் பின்னுள்ள எண்ணம். ஆனால் ஓரளவு நன்றாகச் செய்த எந்த ஆம்ப்பிலும் அந்த வழியில் ஏற்கெனவே காவல் பலம். டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், ஆயிரக்கணக்கான மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், சிறு சிக்னல் பகுதிக்குத் தனி ரெகுலேட்டர் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. அதையும் தாண்டி வருவதை ஆப்-ஆம்ப் சிப்பே பெருமளவு தள்ளிவிடும். அலைவரிசை ஏற ஏற சிப்பின் இந்தத் திறன் குறையும் என்பது உண்மைதான். அப்படியும் இரைச்சலுக்கு மிக எளிதான வாசல் வேறிடத்தில், சிக்னல் கேபிளில் இருக்கிறது.

சார்ஜ் ஏறும்போது உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தடவினால் விரலில் லேசாகக் குறுகுறுக்கும். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் இது சகஜம். இரைச்சலை அடக்குவதற்காக அடாப்டருக்குள் வைக்கும் ஒய் கெப்பாசிட்டர் வழியே கசியும் மின்னோட்டம் அது. 2.2 நானோஃபாரட் கெப்பாசிட்டரில், பாதி மின்னழுத்தமான 115 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால், சுமார் 80 மைக்ரோஆம்பியர் வரும். உடலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த லேப்டாப்பை ஆர்.சி.ஏ. கேபிளால் எர்த் உள்ள ஆம்ப்போடு இணைத்ததும், அந்த மின்னோட்டம் தரைக்குப் போக கேபிளின் வெளியுறையான ஷீல்டையே பாதையாக்கிக்கொள்கிறது. ஆர்.சி.ஏ.யில் ஷீல்டுதான் சிக்னலுக்கும் திரும்பும் கம்பி. களிம்பேறிய பழைய கனெக்டரில் அரை ஓம் தடை இருந்தால் 40 மைக்ரோவோல்ட் இரைச்சல் நேராக இசையோடு சேர்ந்துவிடும். 2 வோல்ட் லைன் சிக்னலுக்கு எதிரே அது ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான்; யாருக்கும் கேட்காது. இதே மின்னோட்டம் ரெக்கார்டு பிளேயரின் 5 மில்லிவோல்ட் சிக்னல் போகும் கேபிளில் ஓட நேர்ந்தால் 125இல் ஒரு பங்கு, அதாவது பாட்டுக்கு அடியில் தெளிவாகக் கேட்கும் உறுமல். லேப்டாப்பும் ஆம்ப்பும் இரண்டுமே மூன்று பின் பிளக்கில், வெவ்வேறு சுவர்களில் இருந்தால் நிலைமை இதைவிட மோசம். இரண்டு எர்த் புள்ளிகளுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாடே ஷீல்டில் பெரிய மின்னோட்டத்தை ஓட்டிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பணம் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் போதும். உறுமல் நின்றால் குற்றவாளி பவர் கார்டு அல்ல, ஷீல்டு. தொழில்முறை ஒலிப்பொறியாளர்களுக்கு இது புதிதில்லை. கேபிள் ஷீல்டைக் கருவியின் உலோக உடலோடு இணைக்காமல் உள்ளே சர்க்யூட் போர்டில் இணைக்கும் வழக்கம்தான் இரைச்சலை அழைத்துவருகிறது என்று நீல் மன்ஸி 1995இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் விளக்கினார். ஷீல்டை எப்படி இணைக்க வேண்டும் என்பதற்கு 2005இல் அந்தச் சொசைட்டியின் ஏ.இ.எஸ். 48 என்ற தரவிதியும் வந்தது. கருவியின் உள்ளமைப்பிலேயே இருக்கும் பிழைக்கு வெளியே மாட்டும் பெட்டியில் மருந்து தேடுகிறோம்.

கண்டிஷனரால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. இரைச்சலைக் கிளப்பும் கருவியின் பக்கம் மாட்டினால் அது வேலை செய்யும். ரூட்டர், கம்ப்யூட்டர் இரண்டையும் ஃபில்டர் உள்ள தனி எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு மாற்றுவதும், அடாப்டர் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டுவதும் மலிவான, காரணத்தோடு கூடிய வேலைகள். எந்த அடாப்டர் அதிகம் இரைகிறது என்று அறிய, பழைய மீடியம் வேவ் ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் திருப்பி வைத்து ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோனால் காட்டிக்கொடுத்துவிடும். டிரையாக் வகை ஃபேன் ரெகுலேட்டரும் அப்படியே அகப்படும்.

நம் ஊரில் இந்தப் பெட்டிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஃபில்டர் தான் பிடித்த இரைச்சலின் ஒரு பகுதியை எர்த் கம்பியில்தான் கொட்டுகிறது. எர்த் என்ற ஒன்று உண்மையில் இருந்தால்தான் அது உதவி. உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற மறந்த வீடுகளும், பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லாத வீடுகளும் ஏராளம். அங்கே ஃபில்டர் பெட்டி தன் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கருவிகளின் உலோக உடலைப் பாதி மின்னழுத்தத்தில் மிதக்க விட்டுவிடும். இரைச்சல் குறைவதற்குப் பதில் கூடும், தொட்டால் குறுகுறுப்பும் வரும். பெரிய பவர் ஆம்ப்புக்கு முன்னால் தடித்த காயில் உள்ள ஃபில்டரை வைத்தால் வேறொரு கேடு: ஆம்ப் கரண்டைத் துடிப்புத் துடிப்பாக இழுக்கும்போது காயில் அதைத் தடுக்கும். எர்த் சரியில்லாத வீட்டுக்காரர் முதலில் கூப்பிட வேண்டியது எலக்ட்ரீஷியனை.

எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டும். உறுமல் நிற்கும், உண்மை. ஆம்ப்புக்குள் ஒரு வயர் கழன்று உடலில் பட்டால் ஃபியூஸ் போகாது. அடுத்துத் தொடுபவர் போவார். இதைச் சிலர் இன்றும் அறிவுரையாகச் சொல்லித் திரிவது பொறுப்பின்மை.

சரியான வைத்தியம் சிக்னல் பாதையில் மின்தொடர்பை அறுப்பது. தோஷிபா 1983இல் கொண்டுவந்த டாஸ்லிங்க் ஒளியிழைக் கேபிள் இன்றும் இதற்கு முதல் தெரிவு. டி.வி.யிலிருந்தும் செட்டாப் பாக்ஸிலிருந்தும் ஒளி மட்டும் வரும், எர்த் வராது. யு.எஸ்.பி. ஐசொலேட்டரில் கவனம் வேண்டும். ஏ.டி.யு.எம். 4160 சிப் வைத்த மலிவான ரகம் 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும், அதிவேக யு.எஸ்.பி. கேட்கும் டேக் (டிஜிட்டலை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) அதில் சரியாக ஓடாது. சிக்னல் வழியில் மாட்டும் மலிவு டிரான்ஸ்ஃபார்மர்கள் உறுமலோடு அடிநாதத்தையும் தின்றுவிடும். ஈதர்நெட் வழியே பாட்டு வருகிறதென்றால் அந்தப் போர்ட்டிலேயே டிரான்ஸ்ஃபார்மர் உண்டு; தடை ஏற்கெனவே இருக்கிறது. விலையுயர்ந்த ஷீல்டு கேபிள் போட்டு இரு முனையின் உலோகத்தையும் சேர்த்தால் அந்தத் தடையைப் பணம் கொடுத்து உடைத்த மாதிரி. சாதாரண ஷீல்டில்லா கேபிளே இங்கே மேல்.

அடாப்டருக்குப் பதில் லீனியர் சப்ளை மாட்டுவது இன்னொரு வழக்கம். உயர் அலைவரிசை இரைச்சல் குறையும். ஆனால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் தன்னைச் சுற்றி 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைப் பரப்பும். ரெக்கார்டு பிளேயரின் சிக்னலைப் பெருக்கும் போனோ ஸ்டேஜை ஒட்டி வைத்தால் ஒரு உறுமலுக்குப் பதில் வேறொரு உறுமல்.

இப்படி ஒரு பெட்டியை மாட்டிய பிறகு இசை மேடை விரிந்தது, குரல் முன்னுக்கு வந்தது என்பார்கள். எந்தப் பெட்டி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டே கேட்டால் காது மனசின் பேச்சைக் கேட்கும். வீட்டில் இன்னொருவர் மாற்றி மாற்றி மாட்ட, பெட்டியைப் பார்க்காமல் கேட்டுச் சொல்வதுதான் நேர்மையான சோதனை. அதற்கு முன்னால், பாட்டை நிறுத்தி, வழக்கமாகக் கேட்கும் அளவில் வால்யூமை வைத்து, உட்காரும் இடத்திலிருந்து ஸ்பீக்கரைக் கவனித்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். அங்கே மௌனம் என்றால் குறைக்க வேண்டிய இரைச்சல் அநேகமாக இல்லை.

வரும் கரண்டே நிஜமாகக் கெட்டிருக்கும் இடம் ஒன்று உண்டு: ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அது 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350 என்று மேலலைகளையும் அள்ளித் தருகிறது. ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரே ரீங்காரமிடும். இந்த அலைவரிசைகள் சாதாரண ஃபில்டர் பெட்டியின் எல்லைக்கு வெகு கீழே இருப்பதால் கண்டிஷனர் இதைத் தொடக்கூட முடியாது. பவர் கட் நேரத்திலும் பாட்டு வேண்டும் என்பவர், கண்டிஷனருக்கென ஒதுக்கிய பணத்தைச் சைன் வேவ் இன்வெர்ட்டரில் போடலாம்.