சாப்ளின் காட்டாத காது

சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' 1936-ல் வந்தது. பேசும் படம் தலையெடுத்து ஒன்பது வருஷமாகியும் அவர் தம் நாயகனைப் பேச விடவில்லை. தொழிற்சாலைக் காட்சிகளில் காதில் விழும் பேச்செல்லாம் யந்திரத்தின் வழியாக வருபவைதாம்: திரையில் தோன்றும் முதலாளியின் அதட்டல், கிராமபோனில் ஒலிக்கும் வியாபாரப் பேச்சு. இந்த யோசனை மேதைக்குத்தான் தோன்றும்.

ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நட்டு முடுக்கி முடுக்கி, வேலை நின்ற பிறகும் அவன் கைகள் துடிக்கின்றன; பெண்ணின் சட்டைப் பொத்தானைக் கண்டாலும் முடுக்கப் பாய்கிறான். கையையும் மூளையையும் யந்திரம் என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். காதை என்ன செய்யும்? தொழிற்சாலையின் பெரும்பகுதி சாப்ளினே அமைத்த சங்கீதத்தில் நடக்கிறது. இரைச்சல் தாளமாகிவிட, நாமும் கொட்டகையில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அசலுக்குக் கிளாஸ்கோ போக வேண்டும். அங்கே 1886-ல் தாமஸ் பார் என்ற காது வைத்தியர் நூறு கொதிகலன் தொழிலாளிகளைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. எப்படி இருக்கும்? வெளியே ஒருவன் ரிவிட்டைச் சம்மட்டியால் அறைவான்; உள்ளே ஒருவன் அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பான். தவலைக்குள் தலையை விட்டு, அதை வெளியிலிருந்து தட்டச் சொல்லிப் பாருங்கள்!

வலி இல்லை, இரத்தம் இல்லை. உட்காதின் மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதுமில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் ஸ்தாயி ஒலிகள். ஆகவே குரல் கேட்கும், சொல் விளங்காது. "கூப்பிட்டால் திரும்பத் தெரிகிறது, சொன்னது மட்டும் காதில் ஏறவில்லையோ?" என்று பெண்டாட்டி சண்டைக்கு வருவாள். கதைக்காரனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ரிவிட் போய்ப் பற்றவைப்பு வந்ததும் கப்பல் தளங்களில் அந்த இடி குறைந்தது. யந்திரத்தை அடக்குவதுதான் முதல் வேலை. காதை அடைப்பது அப்புறம். காதடைப்பானைக் கையில் கொடுத்துவிட்டு, "போட்டுக்கொள்ளாதது அவன் தப்பு" என்று கைகழுவும் நிர்வாகி, படத்தில் சோறூட்டும் யந்திரத்தைப் பரீட்சை பார்த்தாரே, அந்த முதலாளியின் தாயாதி.

"சத்தத்தை அப்படியே காட்டினால் ரஸிகன் எழுந்து போய்விடுவானே!" என்றார் ஒரு நண்பர். சத்தத்தைக் காட்ட வேண்டாம், ஐயா. லங்காஷயர் தறிக்கூடங்களில் பெண்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே ஊர்வம்பெல்லாம் பேசித் தீர்த்தார்கள். ஊமைப் படத்தின் ராஜாவுக்கு இப்படி ஒரு காட்சி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

நம் நாடகக்காரர்கள் சமாசாரம் வேறு. செவிட்டு மாமா மேடை ஏறினாலே சபையில் சிரிப்பு. அவர் எந்த ஆலையில் எத்தனை வருஷம் வேலை பார்த்தவர் என்று எந்தப் பாத்திரமும் விசாரித்து நான் பார்த்ததில்லை.