வென்ற கோப்பையும் இழந்த பெயரும்

ஜெர்மனியின் கால்பந்துக் கோப்பையை வென்றோர் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், தோழர்களே! 1935, நியூரம்பர்க். 1936, லைப்சிக். 1937, ஷால்கே. ஜெர்மானிய ஊர்கள், ஜெர்மானியக் கழகங்கள், வியப்பதற்கு ஒன்றுமில்லை. அடுத்த வரியில் கண் தடுக்கி நிற்கும். 1938, ராப்பிட், வியன்னா!

வியன்னா ஜெர்மனியிலா இருக்கிறது? ஆஸ்திரியாவின் தலைநகரல்லவா அது? அந்நகரத்துக் கழகம், அண்டை நாட்டுக் கோப்பையை அள்ளி வந்தது எங்ஙனம்? விளக்கம் ஏதும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆண்டு, கழகம், கோல் கணக்கு மூன்றுக்கு ஒன்று, அவ்வளவே. ஒரு நாடு விழுங்கப்பட்ட கதையை ஒரே வரியில் ஒடுக்கிவிட்டது பட்டியல். அந்த ஒற்றை வரிக்குள் ஒளிந்துகிடப்பதை வெளியே எடுத்து வைப்பதும், அதன்மீது பின்னாளில் பின்னப்பட்ட பெருமைக் கதைகளைப் பகுத்தறிவுத் தராசில் நிறுத்துப் பார்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், கோப்பைக்குப் பெயர் தந்தவர் யார் என்று பார்ப்போம். ஹான்ஸ் வான் சாம்மர் உண்ட் ஆஸ்டன். பந்தை உதைத்துப் புகழ் பெற்றவரல்லர். ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படையில் தலைவராயிருந்தவர். 1933இல் நாட்டின் விளையாட்டுத்துறை முழுவதும் அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. தொழிலாளர் விளையாட்டுக் கழகங்கள் அதே ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டன. 1935இல் தொடங்கிய கோப்பைப் போட்டிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. உயிரோடிருக்கும் அதிகாரிக்கு ஆடுகளத்தில் ஆலயம் எழுப்புவது போன்றதோர் ஏற்பாடு! சர்வாதிகாரத்துக்குச் சாமிகள் தேவை. சாமிகளுக்குத் திருவிழா தேவை. திருவிழாவுக்குத் தேர் தேவை. பந்தாட்டம் தேராயிற்று.

1938 மார்ச் 12. ஜெர்மன் படை ஆஸ்திரிய எல்லையைக் கடந்தது. மறுநாளே இணைப்புச் சட்டம் பிறந்தது. ஏப்ரல் 10ஆம் நாள் மக்கள் வாக்கெடுப்பு என்றனர். வாக்குச்சீட்டில் 'ஆம்' என்பதற்குப் பெரிய வட்டம், 'இல்லை' என்பதற்குச் சிறிய வட்டம்! யூதர்களுக்கு வாக்கில்லை. விளைவு, நூற்றுக்கு 99.7 பேர் ஆதரவு என்ற அறிவிப்பு. வட்டத்தின் அளவிலேயே தீர்ப்பை எழுதிவைத்துவிட்டு, வாக்களிக்க வாருங்கள் என்று அழைத்த வேடிக்கையை என்னென்பது!

வாக்கெடுப்புக்கு ஏழு நாள் முன்பு, ஏப்ரல் 3இல், வியன்னாவின் பிராட்டர் அரங்கில் ஒரு பந்தாட்டம் நடந்தது. ஒருபுறம் ஜெர்மனி, மறுபுறம் ஆஸ்திரியா. இரு உடன்பிறப்புகள் ஒன்றாகும் விழா என்று விளம்பரம். அந்தோ, ஆஸ்திரியக் கால்பந்துக்கு அது வழியனுப்பு விழா! 1930களின் தொடக்கத்தில் 'அற்புத அணி' என்று ஐரோப்பா கொண்டாடிய ஆட்டக்காரர் கூட்டத்தின் நடுநாயகம், மத்தியாஸ் சிண்டலார். மெலிந்த உடல், ஆகவே 'காகித மனிதன்' என்று செல்லப்பெயர். அவர் ஒரு கோல் போட்டார். கார்ல் செஸ்டா மற்றொன்று போட்டார். விழுங்கப்பட்டவர் இரண்டு, விழுங்கியவர் சுழி! ஆயினும் என்ன? கோல் கணக்கு படையைத் திருப்பி அனுப்பவில்லை.

அதன்பின் நடந்தவற்றை அடுக்கிக் காட்டுவேன், அளந்து பாருங்கள். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்த ஆஸ்திரியா, அந்தப் போட்டியிலிருந்து மறைந்தது. எதிர்த்து ஆடவிருந்த சுவீடன், ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் சென்றது. ஆஸ்திரிய ஆட்டக்காரர்களையும் ஜெர்மானியரையும் சரிபாதியாகக் கலந்து அணியமைக்கும்படி பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கருக்கு மேலிடத்துக் கட்டளை. ஆணையிட்டால் அணியாகுமோ? பாரிசில் சுவிட்சர்லாந்துடன் முதல் ஆட்டம் ஒன்றுக்கொன்று. மறு ஆட்டத்தில் நான்குக்கு இரண்டு என்று தோல்வி. முதல் சுற்றோடு மூட்டை கட்டிற்று பேரரசின் அணி.

வியன்னாவில் 1924 முதல் நடந்துவந்த தொழில்முறை ஆட்டம் ஒழிக்கப்பட்டது. உழைத்து ஆடி ஊதியம் பெறுவது இழிவு என்றது புதிய ஆட்சி. 1925இல் ஆஸ்திரியாவின் முதன்மைக் கழகமாக வாகை சூடிய யூதர் கழகம் ஹாக்கோவா கலைக்கப்பட்டது. அதன் ஆடுகளம் பறிக்கப்பட்டது. அது ஆடி முடித்திருந்த ஆட்டங்களின் கணக்கும் அழிக்கப்பட்டது. மனிதரை விரட்டியது போதாதென்று, அவர்கள் போட்ட கோல்களையும் விரட்டினர்! 'ஆஸ்திரியா' என்ற பெயர் தாங்கிய மற்றொரு கழகம், சிண்டலாரின் கழகம், சில காலம் 'ஆஸ்ட்மார்க்' என்று பெயர் மாற்றப்பட்டது. அதன் யூதத் தலைவர் மருத்துவர் எமானுவேல் சுவார்ஸ் நீக்கப்பட்டார். நாட்டுக்கே 'ஆஸ்ட்மார்க்', கிழக்கு எல்லைப்புறம், என்றுதானே புதுப்பெயர்! பின்னர் 1942இல் அந்தப் பெயரும் ஆகாதென்றாகி, ஆல்ப்சு, டான்யூப் மாவட்டங்கள் என்று மலையையும் ஆற்றையும் சொல்லி நிறுத்திக்கொண்டனர். தனி நாடாய் இருந்ததை நினைவூட்டும் எழுத்து ஒன்றுகூட எஞ்சலாகாது என்ற அச்சம்!

இந்தச் சூழலில்தான் வந்தது, சாம்மர் கோப்பையின் 1938ஆம் ஆண்டுப் பருவம். இணைக்கப்பட்ட நாட்டின் கழகங்களும் கோப்பைச் சுற்றுகளில் சேர்க்கப்பட்டன. பருவத்தின் நடுவே, நவம்பர் 9, 10 ஆகிய நாட்களில், ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூத வழிபாட்டு இல்லங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின, வியன்னாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் டாக்காவு முகாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். கோப்பைப் போட்டியோ நிற்கவில்லை. வீதியில் சாம்பல், அரங்கில் கைதட்டல்!

1939 சனவரி 8. பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் இறுதி ஆட்டம். ராப்பிட் கழகமும் பிராங்க்பர்ட் நகரின் எப்.எஸ்.வி. கழகமும் மோதின. பிராங்க்பர்ட் முதலில் ஒரு கோல் போட்டு, நெடுநேரம் முன்னணியில் நின்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் வியன்னாக்காரர் வெகுண்டெழுந்தனர். ஷோர்ஸ் ஒன்று, ஹாப்ஸ்டாட்டர் ஒன்று, பின்டர் ஒன்று. மூன்றுக்கு ஒன்று! பெயரிழந்த நாட்டின் பிள்ளைகள், பெயர் பறித்தவரின் தலைநகரில், பெயர் பறித்தவரின் கோப்பையை ஏந்தினர்.

இனி, திறனாய்வுக்கு வருவோம். இந்த வெற்றிக்கு இரண்டு உரைகள் உண்டு.

முதலாவது, பெர்லின் உரை. 'பாருங்கள், பிரிந்த உறவு சேர்ந்தது; கிழக்கு எல்லைப் பிள்ளையும் எங்கள் பிள்ளையே; அவன் வெற்றி எங்கள் வெற்றியே' என்பது. இதன் பொய்யை விளக்க வேண்டியதில்லை. வாய்க்குள் போனதன் சுவையை வாய் புகழ்வதில் வியப்பென்ன?

இரண்டாவது, போருக்குப் பின் வியன்னாவில் வளர்ந்த உரை. 'நாங்கள் அடிமைப்பட்டோம்; ஆனால் ஆடுகளத்தில் பழிதீர்த்தோம். 1938இல் கோப்பை, 1941இல் ஷால்கேயிடம் மூன்று கோல் பின்தங்கியிருந்து நான்குக்கு மூன்று என்று வென்ற ஜெர்மன் வாகை, 1943இல் பர்ஸ்ட் வியன்னா கழகம் பெற்ற கோப்பை, அத்தனையும் எதிர்ப்பின் முழக்கமே' என்பது. கேட்கச் சுவையான உரை. இனிப்பாயிருப்பதனாலேயே எச்சரிக்கையோடு சுவைக்க வேண்டிய உரை.

இந்த உரைக்கு இலக்கியமும் துணை நின்றது. பெர்லின் இறுதி ஆட்டம் முடிந்த பதினைந்தாம் நாள், சனவரி 23இல், சிண்டலார் தம் தோழியின் இல்லத்தில் நச்சுப்புகையால் மாண்டு கிடந்தார். வயது 35. ஜெர்மன் அணிக்கு ஆட மறுத்தவர் அவர். தற்கொலையோ, கொலையோ என்று ஊர் பேசிற்று. விபத்து என்றது விசாரணை. நாடு கடந்து வாழ்ந்த எழுத்தாளர் ஆல்பிரட் போல்கர், தம் நகரம் மாண்டபின் வாழ மனமின்றி அவர் சென்றார் என்ற கருத்துப்பட இரங்கல் எழுதினார். தாமே ஹாக்கோவாவின் நீர்ப்பந்து வீரராயிருந்து நாடிழந்த பிரீட்ரிக் டோர்பெர்க், அந்த மரணத்தைப் பாடுபொருளாக்கிக் கவிதை செய்தார். வீடிழந்தவர் வடித்த கண்ணீர் அது. அதைக் குறை கூற எனக்கு நா எழாது. ஆனால் கவிதையை வரலாறென்று கைக்கொள்வது வேறு. கண்ணீர் உண்மையானது என்பதால் கதையும் உண்மையாகிவிடாது.

ஏனெனில், அதே சிண்டலார் 1938இல் ஒரு காப்பிக் கடைக்கு உரிமையாளரானார். அக்கடை ஒரு யூதரிடமிருந்து ஆட்சியின் கட்டாயத்தால் கைமாறியது. உரிய விலை தந்தார் என்று வாதிடுவோரும் உண்டு. நான் கேட்பது ஒன்று: விற்க மறுக்கும் உரிமை இல்லாதவனிடம் வாங்கியதற்கு விலையென்ன, நியாயமென்ன? நீக்கப்பட்ட தலைவர் சுவார்சைக் கண்டால் வணங்கக்கூடாதென்ற தடையை மீறி, நான் வணங்கியே தீருவேன் என்று சொன்னவரும் இதே சிண்டலார்தான் என்பர். இரண்டும் ஒரே மனிதர். வீரச்சிலை வடிப்போர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறைக்கின்றனர். சிலைக்கு இரண்டு முகம் ஆகாது, மனிதனுக்கோ உண்டு.

'இனிய சுதந்திர ஆஸ்திரியாவை அன்னியன் வந்து அழித்தான்' என்ற பாட்டையும் சற்று நிறுத்துங்கள். 1934 பிப்ரவரியிலேயே தொழிலாளர் எழுச்சியைப் பீரங்கி கொண்டு ஒடுக்கி, சமூக சனநாயகக் கட்சியையும் அதன் விளையாட்டு அமைப்புகளையும் தடை செய்தது, டால்பஸ் என்ற உள்நாட்டுச் சர்வாதிகாரியின் ஆட்சி. பூட்டை உடைத்தவன் அயலான். கதவை முன்பே அரித்திருந்தது உள்வீட்டுக் கறையான். 1938 மார்ச்சில் ஹிட்லரை வரவேற்க வியன்னா வீதிகளில் திரண்ட கூட்டத்தையும் மறக்க இயலுமா?

எதிர்த்து ஆடிய பிராங்க்பர்ட் கழகத்தையும் பார்ப்போம். 1933 ஏப்ரலில், சட்டம் எதுவும் வற்புறுத்துமுன்னரே, யூதர்களைக் கழகங்களிலிருந்து நீக்க ஒத்துழைப்போம் என்று தென்ஜெர்மனியின் 14 கழகங்கள் கூட்டாக அறிக்கை விட்டன. கையொப்பமிட்டவற்றுள் எப்.எஸ்.வி. கழகமும் ஒன்று. ஆணை வருமுன் அடிபணிந்த அவசரத்தை என்ன சொல்ல!

ராப்பிட் கழகமோ, வியன்னாவின் முதல் தொழிலாளர் பந்தாட்டக் கழகமாகத் தோன்றி, 1899இல் இப்பெயரைப் பெற்றது. 'ராப்பிட்' என்ற பெயரை முன்மொழிந்தவர் வில்ஹெல்ம் கோல்ட்ஷ்மிட் என்ற கழகச் செயலாளர். அவர் ஒரு யூதர். 1939இல் கோப்பைப் பட்டியலில் பொறிக்கப்பட்டது அவர் தந்த பெயர். 1942இல் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்துக்குக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டவரும் அவரே. பெயரைப் போற்றினர், பெயர் வைத்தவரைக் கொன்றனர்! 'ஆடுகளத்தில் பழிதீர்த்தோம்' என்ற கதையில் இவருக்கு இடமெங்கே? மூன்றாம் கோலை எண்ணிய கைகள் இவரை எண்ண மறந்ததேன்?

அப்படியாயின் அந்த வெற்றி போலியா, ஆட்டக்காரர்கள் குற்றவாளிகளா என்று கேட்பீர். இல்லை. பின்டரின் கால்வன்மை உண்மை. பின்தங்கியும் தளராத நெஞ்சுரம் உண்மை. தம் ஊரார் பெர்லினில் வென்றதைக் கேட்டு உள்ளுக்குள் மகிழ்ந்த எளிய மக்களின் உணர்வும் உண்மை. அந்த மகிழ்ச்சியைப் பறிக்க நாம் யார்? ஆனால் மகிழ்ச்சி வேறு, எதிர்ப்பு வேறு. ஒடுக்குவோன் வகுத்த போட்டியில், ஒடுக்குவோன் வகுத்த விதியில், ஹாக்கோவாவை நீக்கிவிட்டு அமைத்த வரிசையில் ஆடி வென்ற பரிசு, ஒடுக்குவோனை ஒருநாளும் அசைத்ததில்லை. அன்று ஆட்சி அதனை அஞ்சவுமில்லை. தானே எடுத்து நீட்டியது!

1943 நவம்பர் 1இல் வெளியான மாஸ்கோ அறிவிப்பு, ஹிட்லருக்கு இரையான முதல் சுதந்திர நாடு என்று ஆஸ்திரியாவைக் குறித்தது. போரில் அதற்குள்ள பொறுப்பையும் அதே மூச்சில் நினைவூட்டியது. பின்வந்தோர் முதல் பாதியை மனப்பாடம் செய்தனர், மறுபாதியை மறந்தனர். கோப்பைக் கதையும் அதே பாடசாலையில் படித்த கதைதான்.

சாம்மர் 1943இல் மாண்டார். அவர் பெயர் கோப்பையை விட்டு நீங்கிற்று. 1952–53 பருவத்தில் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் கோப்பையாக அது மீண்டும் தொடங்கியது. சுவார்ஸ் உயிர்தப்பித் திரும்பிவந்து, தம் கழகத்தின் தலைவர் இருக்கையில் மீண்டும் அமர்ந்தார். கோல்ட்ஷ்மிட் திரும்பவில்லை. நாஜிக் காலத்தில் ராப்பிட் நடந்துகொண்ட விதத்தை ஆராயும் வரலாற்று நூலொன்று 2011இல் வெளிவந்தது. எழுபது ஆண்டுகள் தாமதம், எனினும் வரவேற்போம். பழம்பெருமையை ஓதுவதைவிடப் பழைய கணக்கைத் திறப்பதற்கே துணிவு வேண்டும்.

தோழர்களே! அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. 1938, ராப்பிட், வியன்னா என்றே இருக்கிறது. வரியை அழிக்க வேண்டாம். அழிப்பது ஹாக்கோவாவுக்கு அவர்கள் செய்த வேலை. அதைப் படிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஆடியவர் யார்? ஆடவிடாமல் தடுக்கப்பட்டவர் யார்? வென்றதாகச் சொல்லிக்கொண்டவர் யார்? மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு, விருப்பமிருந்தால் கைதட்டுங்கள்.