இரண்டு விளக்குகள்

உரோமாபுரிச் சீமாட்டிகள் தமிழகத்துத் துகிலுக்குத் தவங்கிடந்தனர்! பொன்னைக் கொட்டி மிளகை அள்ளிச் சென்றனர் யவனர்! நமது மேடைகளில் இம்முழக்கம் எழாத நாளில்லை. கேட்கும் இளைஞன் நெஞ்சு நிமிர்த்துகிறான். தறியோசை ஓயாத இளம்பிள்ளையில் அதனைக் கேட்டு நானும் கைதட்டியவன்தான்.

ஆதாரமற்ற பெருமையல்ல அது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று புலம்பினான் உரோமானிய எழுத்தாளன் பிளினி. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், இத்தாலிய மட்கலங்களையும் மதுச்சாடிகளின் உடைசல்களையும் கண்டெடுத்தார். கரூரிலே உரோமானியக் காசுகள் கிடைத்தன. மறுப்பார் யார்?

ஆயினும் கேட்கிறேன்: வந்த பொன் எவர் பேழையில் புகுந்தது? நூல் நூற்றவளின் கைக்கு அதில் ஒரு காசேனும் சேர்ந்ததா? இலக்கியத்தையே சாட்சிக்கு அழைப்போம்.

நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனையை ஒளிரச் செய்கிறது ஒரு விளக்கு. யவனர் வடித்த பாவை அது. கையிலேந்திய அகல் நிறைய நெய். புறநானூற்றின் 56ஆம் பாட்டு, யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் வளைக்கை மகளிர் நாள்தோறும் ஊட்ட, மகிழ்ந்திருக்குமாறு மன்னனை வாழ்த்துகிறது. ஆக, உரோமம் தந்த சுகம் எங்கே தங்கிற்று? அரண்மனையில்!

அதே புறநானூற்றின் 326ஆம் பாட்டைப் புரட்டுங்கள். அங்கும் ஒரு விளக்கு, சின்னஞ்சிறு விளக்கு. இரவிலே காட்டுப்பூனைக்கு அஞ்சிப் பேடைக்கோழி கதறுகிறது. பருத்தி நூற்கும் பெண்ணொருத்தி மேலே படிந்த செத்தையைத் தட்டிக்கொண்டு எழுகிறாள். அவள் விளக்கொளியில் சேவலைக் கண்டு பேடை அமைதியுறுகிறது. ஊர் உறங்கும் வேளையிலும் அவளுக்கு வேலை! அவளுக்குப் பெயருமில்லை, பாட்டிலே தனியிடமுமில்லை. கோழியின் அச்சத்தைத் தணிக்க வந்த அளவில் அவள் கதை முடிகிறது. எனினும் அவளைக் கண்ணால் கண்டு எழுதிய புலவனைப் போற்றுகிறேன். அந்தச் சிறு விளக்கையும் அவன் ஏற்றியிராவிடில், நமக்கு அரண்மனை வெளிச்சம் மட்டுமே எஞ்சியிருக்கும்.

உரோமத்தின் கதையும் வேறன்று. பேரரசன் அகஸ்டஸ் தன் வீட்டுப் பெண்டிர் செய்த ஆடையையே உடுத்தினான் என்று எழுதினார் சூட்டோனியஸ். எளிமையின் சிகரம்! ஆனால் அவன் மனைவி லிவியாவின் ஊழியர் கல்லறைக் கல்வெட்டுகள், கம்பளியை நிறுத்து நூற்கக் கொடுத்தவரையும் துணி தைத்தவரையும் குறிக்கின்றன. அடிமைகளும், அடிமைத்தளை நீங்கியோரும் அவர்கள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பி நகரின் சுவரொன்றில், அமரில்லிஸ், டோரிஸ் என நூற்கும் பெண்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. புகழ்ந்து எழுதப்பட்டவையா? இல்லை, ஒவ்வொருத்தியும் முடிக்கவேண்டிய வேலையளவைக் குறித்த கணக்கு! பொன் போகிறதே என்று புலம்பிய பிளினியோ, பழியைப் பெண்களின் ஆடம்பரத்தின்மீது சுமத்தினான். அவனும் அதே எரிமலைச் சீற்றத்தில்தான் மாண்டான்.

கடலுக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே நீதி: உடுத்தியவனுக்குக் காவியம், நூற்றவளுக்கு இருட்டு.

சென்னிமலைக்கு அருகே கொடுமணலை அகழ்ந்தபோது நூற்புத் தக்களிகள் கிடைத்தன. தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானையோடுகளும் அங்கே கிடைத்தன. வேதமந்திரம் காத்த ஊரல்ல அது. இரும்பு உருக்கிய, மணி இழைத்த உழைப்பாளர் ஊர். நமது பெருமையின் வேர் அங்கேதான் இருக்கிறது. யவனன் மெச்சியதால் நாம் பெரியோராகவில்லை. அவன் மெச்சும்படி உழைத்த கை நம்முடையது.

பழம்பெருமை பேசுவது தவறன்று, தோழர்களே! பாதிப் பெருமை பேசுவதே தவறு. இனி மேடையில் யவனரின் பாவை விளக்கைக் காட்டும்போது, பருத்தி நூற்றவளின் சிறு விளக்கையும் பக்கத்தில் வையுங்கள். அந்த வெளிச்சத்திலே இன்றைய தறிக்கூடத்தையும் பாருங்கள். இளம்பிள்ளைச் சேலை எந்த ஊர் மணப்பந்தலில் மின்னினாலும், அழகை வியக்கும் முன்பு நெய்தவரின் கூலியைக் கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். கேட்போமா?