கூலி, ஊதியம், உதவி

ஆயர் குரோ என்னும் மலாய்ப் பெயருக்குக் கலங்கிய நீர் என்பது பொருள். மலாக்கா மாநில அரசின் அலுவலகங்கள் அமைந்துள்ள அவ்வூரில், ஆசிரிய நண்பர் ஒருவர் இல்லத்தில் அண்மையில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. அவர் திருத்தி வைத்திருந்த கட்டுரை ஏடுகளில் ஒன்றைப் புரட்டினேன். விலைவாசி ஏற்றமும் அரசின் உதவியும் என்பது தலைப்பு. எழுதிய மாணவி, தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவள். நடை தெளிவாக இருந்தது. பிழைகள் மிகச் சில. அரசு தரும் பணத்தைப் பெறுவோர் நன்றி மறவாதிருத்தல் வேண்டும் என்று கூறி, செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தின் முதற் குறளைச் சான்றாகக் காட்டி முடித்திருந்தாள். அதன் ஓரத்தில் நண்பர் ‘மிக நன்று’ என்று குறித்திருந்தார்.

கட்டுரை நன்றுதான், குறள்தான் பொருந்தவில்லை. இது மாணவியின் குற்றமன்று. நம் செய்தித்தாள்களும் மேடைகளும் அவளுக்குக் கற்பித்த தமிழ் அது. ஆதலின் அத்தமிழைச் சற்று ஆராய்தல் தகும்.

வள்ளுவர் அக்குறளில் போற்றும் உதவி எத்தகையது? தான் முன்னர் ஒன்றும் செய்யாதிருக்க, பிறர் தனக்குச் செய்த உதவி என்று பரிமேலழகர் பொருள் காண்பார். பெற்றவன் முன்பு யாதும் செய்யாதிருந்தான் என்பதே அவ்வுதவியின் பெருமைக்கு அடிப்படை. அந்த அடிப்படை இல்லையாயின், குறள் வேறிடத்துக்கு உரியதாகிவிடும்.

நம் தோட்ட மக்கள் முன்பு ஒன்றும் செய்யாதவர்களா? 1896-இல் டான் சே யான் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வாணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டார்; மலாயாவில் அத்தகைய தோட்டங்களுள் அதுவே முதலாவது. பின்னர்ப் பரந்த ரப்பர்க் காடுகளில் பால்மரம் சீவியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுக்கு அளந்த கூலி எவ்வளவு? 1920-களின் இறுதியில், போக்குவரத்து எளிதான வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்தவுடன் 1930-இல் அது 40, 32 எனக் குறைந்தது. 1932-இல் 28, 24 என மேலும் இறங்கியது. வாழ்க்கைச் செலவும் குறைந்துவிட்டது என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயம் ஏற்றத்துக்குப் பயன்படவில்லை. போர்க்காலத்தில் விலைகள் ஏறியபோது கூலி தானாக ஏறிற்றில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. படை வந்தது; உயிர்களும் போயின. விலை இறங்கினால் கூலி உடனே இறங்கும். விலை ஏறினாலோ கூலி காத்திருக்கும். இவ்வழக்கத்தின் பெயர் வறுமையன்று, அது கடன். தொழிலாளி கொடுத்துவைத்த கடன்.

இக்கடனைத் திருப்புவதற்கு நம் இலக்கியத்தில் தகுந்த சொல் ஒன்று உண்டு. அதுவே குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கியதை அவ்வளவிலேயே திருப்பித் தருவது அது. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம், தாம் பெற்றுவந்த செல்வத்தை யார் யார்க்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று கூறும்போது, வறுமைக் காலத்தில் குறியெதிர்ப்பை தந்து உதவியவர்களையும் மறவாமல் சேர்க்கிறார். வள்ளுவரோ ஈகை அதிகாரத்தின் முதற் குறளிலேயே, வறியவர்க்குக் கொடுப்பதையும் குறியெதிர்ப்பையையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டுகிறார். அவர் பிரித்ததை நாம் ஒன்றாக்கிவிட்டோம்.

கூலி, ஊதியம் என்னும் சொற்களின் கதையும் ஈண்டு நினைக்கத் தக்கது. வள்ளுவர் காலத்தில் கூலி இழிசொல் அன்று; உடல் வருந்த உழைத்ததற்குக் கிடைக்கும் பயன் என்றே அவர் ஆண்டார். ஆங்கிலேயர் வாயில் வழங்கிய ‘கூலி’ தமிழிலிருந்து பிறந்தது என்பாரும், குசராத்திப் பக்கத்துக் கோலி என்னும் இனப்பெயரிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். பிறப்பு எதுவாயினும், தோட்டத்தில் நேர்ந்தது ஒன்றே: உழைப்பின் விலையைக் குறித்த சொல் உழைப்பவனுக்கே பெயராயிற்று. ஊதியமோ குறளில் ஆதாயம் என்னும் பொருளது. முதல் உடையவனுக்கே அது உண்டு என்பது போல ஓரிடத்தில் வருகிறது. இன்று அச்சொல்லைத் தொழிலாளியின் சம்பளத்துக்கு வழங்குகிறோம். சொல் இடம் மாறியது நன்மையே. பொருளும் மாறிற்றா என்பதே கேள்வி.

பொருளை மாற்ற முயன்றவர்களும் நம்மிடையே இருந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்குக்காரரானவர்கள் சீவுதொழிலாளரே. முதல் இல்லாதவர்கள் சிறுகச் சிறுக முதல் தேடிய முயற்சி அது. 1967-இல் மலாக்காவின் புக்கிட் ஆசாகான் தோட்டத் தொழிலாளர் தம் குறை தீரக் கோலாலம்பூர் நோக்கி நடந்தனர். இவர்கள் எவரும் பரிசில் வேண்டிச் சென்றவர்கள் அல்லர்.

இனி இன்றைய நிலையை நோக்குவோம். 2012-இல், மாதம் 3,000 வெள்ளிக்கு மேற்படாத வருவாயுள்ள குடும்பங்களுக்கு 500 வெள்ளி வழங்கப்பட்டது. ஐவர் உள்ள குடும்பத்தில் ஆண்டு முழுவதற்கும் பகிர்ந்தால், தலைக்கு மாதம் எட்டு வெள்ளியும் சில காசுகளும் வரும். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2013-இல் தீபகற்பத்தில் மாதச் சம்பளம் 900 வெள்ளி என வகுக்கப்பட்டது; 2022-இல் 1,500 ஆயிற்று; 2025-இல் 1,700 ஆயிற்று. இவ்விறுதி ஏற்றம் மட்டும் ஆண்டுக்கு 2,400 வெள்ளி. 2025-இல் வயது வந்த குடிமக்கள் அனைவர்க்கும் அடையாள அட்டை வழியாக ஒருமுறை தரப்பட்ட 100 வெள்ளியோடு இதனை ஒப்பிடுக. நிலைத்த பயன் தருவது எது என்பது வெளிப்படை. ஆயினும் நம் நாளிதழ்களில் சம்பள ஏற்றம் முதலாளிக்கு நேர்ந்த ‘சுமை’ என்றும், ரொக்கத் தொகை அரசு ‘வாரி வழங்கிய’ கொடை என்றும் எழுதப்படுகின்றன. பாரியையும் ஓரியையும் பாட வேண்டிய தமிழை வரவுசெலவுக் கணக்குக்குச் செலவிடுகிறோம். அக்கணக்கிலுள்ள பணத்தில் ஒரு பகுதி, ஏழை கடையில் வாங்கும் பொருளின் விலையோடு சேர்த்துச் செலுத்திய வரிப்பணம் அன்றோ?

மலாய் மொழியிலோ பெயர் சிறிது நகர்ந்திருக்கிறது. ‘பந்துவான்’ என்று பல ஆண்டுகள் வழங்கிய அத்தொகை, 2023 முதல் ‘சும்பாங்கான்’ எனப்படுகிறது. முன்னதற்கு உதவி என்று பொருள். பின்னதற்கு நன்கொடை, பங்களிப்பு என்னும் இரு பொருளும் உண்டு. நாம் இரண்டையும் உதவி என்றே மொழிபெயர்த்து அமைதி அடைகிறோம்.

சொல்லை மாற்றினால் அரிசி விலை குறையுமோ என்று சிலர் கேட்கலாம். குறையாது. கைம்பெண்களுக்கும் முதியோர்க்கும் உடல் ஊனமுற்றோர்க்கும் சம்பள ஏற்றத்தால் நேரே பயன் இல்லை என்பதும் உண்மை. அவர்களுக்கு ரொக்கத் தொகை இன்றியமையாதது. அதனை வேண்டாம் என்பது நம் கருத்தன்று. எப்பெயரால் பெறுகிறோம் என்பதைப் பொறுத்தே, அடுத்து எதைக் கேட்போம் என்பது அமையும். பரிசில் பெற்றவன் வாழ்த்திவிட்டுப் போவான். கடன் கொடுத்தவன் மீதியைக் கேட்பான். 1941-இல் கிள்ளான் தொழிலாளர் கூலி உயர்வோடு, துரைமார் எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். மானமும் கூலியும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள் என்பதை எழுத்தறிவு குறைந்த அம்மக்கள் அறிந்திருந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நாம் அதனை மறத்தல் ஆகாது.

ஆசிரியர்கள் செய்யத் தக்கது ஒன்று உண்டு. ஈகை அதிகாரத்தையும் செய்ந்நன்றியறிதலையும் கற்பிக்கும்போது, ஈகை எது, கடன் எது, கூலி எது என்று மாணவரைப் பிரித்தறியச் செய்தல் வேண்டும். நன்றி உயர்ந்த பண்பு. அதனைச் சேரிடம் அறிந்து சேர்ப்பதும் பண்பே.

இவற்றை நண்பரிடம் கூறினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் அந்த ஏட்டை வாங்கி, ‘மிக நன்று’ என்பதை அடிக்காமல் விட்டு, அதன்கீழ் ஒரு வரி எழுதினார்: “முன் செய்தவர் யார் என்று உன் பாட்டியிடம் கேட்டு வருக.”