ஆரஞ்சுப் பழம் போதுமா?

தஞ்சை மண் தமிழுக்குத் தந்த சிறுகதையாசிரியர்களுள் தி. ஜானகிராமனுக்கு (1921–1982) முதல் வரிசையில் இடம் உண்டு. மன்னார்குடியை அடுத்த தேவங்குடியில் பிறந்த அவர், காவிரிக்கரை மனிதர்களை எழுதியபோது அவர்களுடைய குழந்தைகளையும் மறவாமல் எழுதினார். அவருடைய ‘சிலிர்ப்பு’, ‘முள்முடி’ என்னும் இரு கதைகளையும் அன்பின் கதைகள் என்று போற்றுவது நம் வழக்கம். அது பிழையன்று. ஆயினும், குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பற்றிய கதைகளாகவும் அவற்றை நாம் படித்தாக வேண்டும்.

‘சிலிர்ப்பு’ கதையில் தந்தையும் சிறுமகனும் இரயிலில் கும்பகோணம் நோக்கி வருகின்றனர். அதே பெட்டியில் ஏறத்தாழப் பத்து வயதுள்ள ஓர் ஏழைச் சிறுமி இருக்கிறாள். கல்கத்தாவில் ஒரு வீட்டு வேலைக்காக அவளை அழைத்துச் செல்கிறார்கள். தான் தின்னாமல் பாதுகாத்து வந்த ஆரஞ்சுப் பழத்தை, இறங்கும் வேளையில் அச்சிறுவன் அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். தந்தைக்கு மெய் சிலிர்க்கிறது. படிக்கும் நமக்கும் சிலிர்க்கிறது. ஆனால் வண்டி நிற்கவில்லை. சிறுமி கல்கத்தாவுக்குத்தான் போகிறாள்.

ஆசிரியர் இதை அறியாதவர் அல்லர். பெரியவர்கள் பார்த்திருக்க, ஒரு குழந்தையல்லவா இன்னொரு குழந்தைக்குக் கொடுத்தது! அவருடைய குற்றச்சாட்டு அதிலேயே அடங்கியிருக்கிறது. நாமோ நம் கண்ணீரைக் கண்டு நாமே மகிழ்ந்து புத்தகத்தை மூடிவிட்டோம். அக்கதை எழுதப்பட்ட நாளில், வீட்டு வேலைக்குக் குழந்தையை அனுப்புவதைத் தடுக்கும் சட்டம் இல்லை. 2006 அக்டோபர் 10 முதல் 14 வயது நிறையாதவரை வீட்டு வேலைக்கு அமர்த்துவது குற்றம். பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 2016இல் இத்தடை எல்லாத் தொழில்களுக்கும் விரிக்கப்பட்டது.

சட்டம் வந்தும் வண்டி நிற்கவில்லை என்பதற்கு டெல்டாவே சான்று. 2018 நவம்பரில் கஜா புயல் வீடுகளையும் தென்னைகளையும் சாய்த்தபின், தஞ்சை மாவட்டத்துச் சிறுவன் ஒருவன் 36,000 ரூபாய்க்குக் கொத்தடிமையாக ஒப்படைக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. தகவல் உரியவர்களுக்கு எட்டிய பின்னரே அவன் மீட்கப்பட்டான். அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுவோரிடம் முன்பணம் பெற்றுச் சிறுவர்களை விடும் வழக்கமும் இம்மண்ணுக்குப் புதிதன்று. இவற்றை வறுமையின் கொடுமை என்று சொல்லி நாம் ஒதுங்கிவிட இயலாது. “வீட்டோடு வைத்து வளர்க்கிறோம்” என்று சொல்லி ஏழை வீட்டுச் சிறுமியை அடுப்படியில் நிறுத்திய இல்லங்கள் நம்மிடையேயும் உண்டு. சிறுவராகவே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பணிக்கு வந்த அனஸ் (ரலி), பத்தாண்டுகளில் ஒரு கடுஞ்சொல்லையும் தாம் கேட்டதில்லை எனப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்த அளவுகோலின் முன் நம் அடுப்படிகள் நிற்குமா?

‘முள்முடி’ இன்னும் நுட்பமான கதை. மாணவரை அடித்தறியாத ஆசிரியர் அனுகூலசாமி ஓய்வு பெறுகிறார். ஊரே பாராட்டுகிறது. அன்றிரவு ஒரு தாய் தன் மகனோடு வந்து நிற்கிறாள். திருட்டுக் குற்றத்துக்காக அவனோடு எவரும் பேசவேண்டாம் என ஆசிரியர் என்றோ சொன்ன சொல்லை வகுப்பு விடாமல் கடைப்பிடித்திருக்கிறது. பிரம்பு தொடாத உடம்பில் காயம் இல்லை, காயம் உள்ளத்தில். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. அச்சட்டத்துக்குப் பல்லாண்டுகள் முன்னரே ஜானகிராமன் அதைக் கண்டுகொண்டார். இக்கதை ‘சிலிர்ப்பை’ விட ஒருபடி மேலே செல்வதற்குக் காரணம் அந்தத் தாய். அவள் வாய் திறந்து சொன்னாள். அதனால் நல்லவர் ஒருவருக்குத் தம் தவறு தெரிந்தது. நல்லவர் என்ற பெயருக்கு அஞ்சி அவள் வாளாவிருந்திருந்தால் கதையே இல்லை.

இவ்விரு கதைகளும் தொடாத இடம் ஒன்று உண்டு. குழந்தையின் உடலைத் தீண்டும் கொடுமை அது. 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் விசாரிக்கப்பட்ட குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். செய்தவருள் பெரும்பங்கினர் குழந்தை அறிந்து நம்பியவரே. தந்தை வெளிநாட்டில் சம்பாதிக்க, மாமனும் சிற்றப்பனும் அண்டை வீட்டாரும் உரிமையோடு வந்துபோகும் நம் வீடுகளில் இது நிகழாது என எவர் உறுதி கூறுவார்? நிகழ்ந்தால், “ஐபு வெளியே போகக்கூடாது” என்று மூடிவிடுகிறோம். அடுத்தவர் குறையை மறைப்பதன் சிறப்பைக் கூறும் நபிமொழியைத் துணைக்கு அழைக்கிறோம். அந்நபிமொழி ஒருவர் தமக்கும் இறைவனுக்கும் இடையே செய்த பிழையைப் பற்றியது. பிறர்மேல் இழைத்த அநீதத்துக்கு அது திரையாகாது. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 135ஆம் வசனம், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் சாட்சியத்தில் நிலைத்து நிற்கப் பணிக்கிறது.

குழந்தை பெரும்பாலும் வாயால் சொல்லாது. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கோ ஓதும் இடத்துக்கோ போக மறுத்து அழுவது, விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்புவது, உறக்கத்தில் அலறுவது, காயத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் கூறப்படுவது ஆகியவற்றைக் கண்டால் பெரியவர்கள் விழித்துக்கொள்ள வேண்டும். பசியோடும் அழுக்கோடும் மருந்தின்றியும் விடப்பட்ட குழந்தையும் கொடுமைக்கு ஆளான குழந்தையே. அது சொல்லத் தொடங்கினால் அதட்டாமல் கேட்டு, “உன்மேல் தவறில்லை” என்று முதலில் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பத் துருவுதல் ஆகாது. பிறகு 1098 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பது ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரியது. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மேல் வழக்கில்லை. குழந்தையின் பெயர் வெளிவரலாகாது. சீருடை அணியாத அதிகாரி, கூடியவரை பெண் அதிகாரி, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும். ஜமாஅத்தில் பேசி முடித்துவைக்கும் சமரசம் இக்குற்றத்தைத் தீர்க்காது. பெரியவர்களின் மனக்கசப்பை வேண்டுமானால் அது தணிக்கும்; குழந்தையை அதே கைகளில் விட்டுவிடும்.

இலக்கியம் நம் நெஞ்சை இளக்குகிறது. அதற்கு மேலும் அதனிடம் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்த சிறுவன் தன்னால் இயன்றதை முழுதும் செய்தான். மீதி பெரியவர்கள் செய்யவேண்டியது. கண்டதை உரிய இடத்தில் சொன்ன ஒரு பெரியம்மாவையோ ஓர் உஸ்தாதையோ நம் எழுத்தாளர்கள் கதைக்குள் கொண்டுவரட்டும். அதுவரை, ‘சிலிர்ப்பை’ நம் பிள்ளைகளோடு சேர்ந்து படித்து, அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று அவர்களிடமே கேட்போம்.