சால்ட் அனாலிசிஸும் மலக்குழியும்: பி.எஸ்ஸி. வேதியியல் பாடத்திட்டத்தை ஒரு பிரதியாக வாசித்தல்

நாவலுக்கு விமர்சனம் உண்டு. கவிதைக்கு உண்டு. சினிமாவுக்குப் பக்கம் பக்கமாக உண்டு. வருஷா வருஷம் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணித் தேர்வெழுதுகிற பாடத்திட்டத்துக்கு மட்டும் விமர்சனம் கிடையாது. தமிழ் இலக்கியப் பாடத்திட்டத்தில் யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று நம் தோழர்கள் கேட்டிருக்கிறார்கள். வரலாற்றுப் பாடத்துக்கும் சண்டை நடந்திருக்கிறது. அறிவியல் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆசிடுக்கு என்ன சாதி என்கிற நினைப்பு. ஆசிடுக்குச் சாதி இல்லைதான். எந்த ஆசிடை, எந்தத் தாளில், எத்தனை மதிப்பெண்ணுக்கு, எதை விட்டுவிட்டுச் சொல்லித் தருவது என்று உட்கார்ந்து தீர்மானிக்கிறவர்களுக்கு இருக்கிறது.

நான் தொண்ணூறுகளில் ஒரு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எங்க நைனா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். படிப்பை முடித்து மூன்று வருஷம் கழிவுநீர் சோதிக்கிற லேபில் வேலை பார்த்தேன். அதனால் இந்தப் பாடத்திட்டத்தை வெளியிலிருந்து வாசிக்கிறவன் இல்லை நான்.

இன்று தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. என்றால் ஐந்து பகுதிகள், மொத்தம் 140 கிரெடிட். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறொரு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்றுதான் மூலவர்: கனிம வேதியியல், கரிம வேதியியல், இயற்பிய வேதியியல், கூடவே துணைப்பாடமாகக் கணிதம், இயற்பியல். பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் கல்வி என்று சில்லறையாகக் கிடக்கும். பகுதி ஐந்து விரிவாக்கப் பணி, அதாவது என்.எஸ்.எஸ். மாதிரி விஷயங்கள். நாலுக்கு வெளியே ஐந்தாவதாக ஒன்றை வைப்பது நம் நாட்டில் பழைய பழக்கம். அந்த ஐந்தாவது பகுதிக்காகத்தான் என்.எஸ்.எஸ். பையன்கள் ஏழு நாள் முகாம் போட்டு நம்ம சேரிக்கு வந்து கூட்டிவிட்டுப் போகிறார்கள். சேரி பாடத்திட்டத்துக்குள் நுழைகிற ஒரே இடம் அது. அங்கேயும் அது குப்பை கிடக்கிற இடமாகத்தான் நுழைகிறது.

வாசலில் நிற்கிற நிபந்தனைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பிளஸ் டூவில் வேதியியல் படித்திருக்க வேண்டும். துணைப்பாடம் கணிதம் என்பதால் கணக்கும் படித்திருந்தால் நல்லது. நான் படித்த ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் அப்போது பிளஸ் டூ அறிவியல் குரூப்பே இல்லை. பஸ் ஏறி வேறு பள்ளிக்குப் போய்த்தான் படித்தேன். என்னோடு பத்தாவது முடித்த பிள்ளைகளில் மிச்சப் பேருக்கு வேதியியல் தேவையில்லை என்று யாரும் வாயால் சொல்லவில்லை. பஸ் கட்டணம் சொல்லிவிட்டது.

நான் பேச வந்தது செய்முறை வகுப்பைப் பற்றி. ஏட்டுப் படிப்பு மட்டும் படிப்பில்லை, கையால் செய்து கற்க வேண்டும் என்று ஒத்துக்கொள்கிற பாடங்களில் வேதியியலும் ஒன்று. அப்படியானால் எந்தக் கையின் வேலை செய்முறை ஆகிறது, எந்தக் கையின் வேலை வெறும் கூலி ஆகிறது?

முதல் வருஷம் பருமனறி பகுப்பாய்வு. பிப்பெட்டில் வாய் வைத்து உறிஞ்சி 20 மில்லி எடுக்க வேண்டும். ரப்பர் பல்பு என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பக்கத்து மேஜைப் பையன் முதல் வாரமே சொந்தமாக ஒரு பிப்பெட் வாங்கிவந்து அதில் பெயர் ஒட்டிக்கொண்டான். சுத்தத்துக்காக என்றான். பிப்பெட்டை எப்படிக் கழுவ வேண்டும் என்று கையேட்டிலேயே இருந்தது: முதலில் தண்ணீர், பிறகு எடுக்கப்போகிற கரைசல். அது போதாது என்கிறவனுக்கு வேதியியலில் பதில் இல்லை.

இரண்டாம் வருஷம் சால்ட் அனாலிசிஸ். ஒரு சிட்டிகை உப்பைக் கொடுத்து அதில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். குரூப் குரூப்பாகப் பிரிக்க வேண்டும். இரண்டாம் குரூப்புக்கும் நான்காம் குரூப்புக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வேண்டும். லேபின் கோடியில் கிப் கருவி நிற்கும். இரும்பு சல்ஃபைடின் மேல் ஆசிட் இறங்கினால் வாயு வரும். செம்பு என்றால் கருப்பாக விழும், காட்மியம் என்றால் மஞ்சள், துத்தநாகம் என்றால் வெள்ளை. அழுகிய முட்டை நாற்றம் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் கேட்டேன்: “சார், இதே நாத்தம் எங்க ஊரு தோல் ஷாப்பு தொட்டியில வருது. ஒருத்தன் இறங்கி மயங்கி விழுந்தான். ரெண்டும் ஒண்ணா சார்?” வகுப்பு சிரித்தது. “சிலபஸ்ல இருக்கறத மட்டும் கேளுப்பா” என்றார் ஆசிரியர். மோசமான மனுஷர் இல்லை அவர். சிலபஸ் அவருக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தது.

ரெண்டும் ஒண்ணுதான். சாக்கடையிலும் மலக்குழியிலும் காற்றுப் படாத சேற்றில் வாழ்கிற பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டைத் தின்று இந்த வாயுவை விடுகின்றன. இதன் மூலக்கூறு எடை 34, காற்றின் சராசரி 29. அதனால் குழியின் அடியில் தங்கிக் கிடக்கும். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போகும். “நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்” என்று தோன்றுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். ஆயிரம் பங்கு என்றால் சில மூச்சில் ஆள் சுருண்டுவிடுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் சுருளுவான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து சாவது இப்படித்தான்.

பி.எஸ்ஸி. முதல் வருஷக் கணக்குதான் இது. பத்தாயிரம் லிட்டர் தொட்டி ஒன்று. அதில் ஆயிரம் பி.பி.எம். என்றால் பத்து லிட்டர் வாயு. 25 டிகிரியில் ஒரு மோல் வாயு ஏறக்குறைய 24.5 லிட்டர் இடத்தை அடைக்கும். பத்து லிட்டரை அதால் வகுத்து 34ஆல் பெருக்கினால் சுமார் 14 கிராம். ஒரு பெரிய தொட்டியைச் சவக்குழி ஆக்குவதற்கு 14 கிராம் போதும். மோல் கணக்கைச் சொல்லித்தர இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எந்தப் பாடநூலிலும் இதை நான் படித்ததில்லை.

மலம் அள்ளும் வேலையைத் தடை செய்து 1993இல் சட்டம் வந்தது. 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. 1993 முதல் குழிக்குள் செத்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அரசே நாடாளுமன்றத்தில் ஒத்துக்கொண்ட சாவுக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. திவ்யபாரதி 2017இல் ‘கக்கூஸ்’ படம் எடுத்துக் காட்டினார். இத்தனைக்கும் நடுவே வேதியியல் துறைகள் மட்டும் தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் மாதிரி இருக்கின்றன. கிப் கருவியைப் பல கல்லூரிகளில் எடுத்துவிட்டார்கள். அந்த வாயு இல்லாமலே பகுப்பாய்வு செய்கிற முறை வந்துவிட்டது. காரணம், மாணவர்களின் பாதுகாப்பு. நல்லதுதான். லேபில் நிற்கிறவனின் மூச்சுக்கு மதிப்பு இருப்பது தெரிந்த பிறகுதானே பாடத்திட்டம் மாறியது?

தோலுக்கு வருகிறேன். தோல் ஷாப்பில் முடி உதிர்வதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்த்து ஊற வைப்பார்கள். பிறகு ஆசிடில் போட்டு, குரோமியம் உப்போடு டிரம்மில் சுற்றுவார்கள். சல்ஃபைடுத் தண்ணீரும் ஆசிடுத் தண்ணீரும் ஒரே கால்வாயில் போய்ச் சேர்ந்தால் அங்கே நடப்பது கிப் கருவியில் நடக்கிற அதே வினை. லேபில் அதற்கு ஒரு கண்ணாடிக் குடுவை, ஒரு திருகு, பக்கத்தில் ஒரு ஆசிரியர். தோல் ஷாப்பில் ஒரு மண்வெட்டி.

குரோமியமும் எங்களுக்கு சால்ட்டில் வரும். மூன்றாம் குரூப்பில் பச்சையாக விழும். அதன் ஆறு இணைதிறன் வடிவம் விஷம் என்று ஒரு வரி இருக்கும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை ஒன்று அந்த விஷக் கழிவை லட்சக்கணக்கான டன் மலையாகக் குவித்துவிட்டுப் போனது பாடத்தில் இருக்காது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் சம்பந்தமாக 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். அந்த வழக்கே வேதியியல்தான். வேதியியல் மாணவர்கள் படிப்பதில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த மாதிரிக் கசடின் சாம்பிளைத்தான் நான் லேபில் டைகுரோமேட் ஊற்றிக் கொதிக்கவைத்து அளந்துகொண்டிருந்தேன். என் கையில் கையுறை இருந்தது. பட்டம் வாங்கிக்கொடுத்த கையுறை.

பாடத்திட்டத்தில் தோலே இல்லை என்று சொல்லமாட்டேன். சில இடங்களில் விருப்பப்பாடத்தில் ஒரு அலகாக வருகிறது: பதப்படுத்தல், தாவரப் பதனீடு, குரோம் பதனீடு, கழிவு. பரவலாகக் கிடைக்கிற இன்னொரு விருப்பப்பாடம் பால் வேதியியல். எந்தத் துறையில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? மாட்டிலிருந்து பால் வரைக்கும் வேதியியல், தோலிலிருந்து தொழில். 1948 முதல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாயுடம்மா மாதிரி உலகம் அறிந்த விஞ்ஞானிகள் அங்கே இருந்திருக்கிறார்கள். தோல் தொழில்நுட்பம் பி.டெக். ஆகிவிட்டது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் எந்த அளவில், எத்தனை நாள் என்று கையாலேயே அளந்து வைத்திருந்தவர்கள் எந்தப் பாடத்திலும் வரவில்லை. “முறை” என்று பாடத்தில் வருகிறது, ஆள் வருவதில்லை.

இப்போது இந்திய அறிவு மரபு என்று கிளம்பியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் யூ.ஜி.சி. ஒன்பது பாடங்களுக்குப் பட்டப்படிப்புப் பாடத்திட்ட வரைவு வெளியிட்டது. அதில் வேதியியல் வரைவு சரஸ்வதி வணக்கத்தோடு தொடங்குகிறது. பாரம்பரியப் பானங்கள் என்று காஞ்சி, இலுப்பைப்பூச் சாராயம், கள் எல்லாம் வருகின்றன. கள் இறக்குகிறவன் மேல் 1987 முதல் தமிழ்நாட்டில் கேஸ் போடுகிறார்கள். இலுப்பைப்பூ பொறுக்குகிறவர்கள் ஆதிவாசிகள். பானம் மரபாகிவிட்டது, இறக்கியவன் குற்றவாளியாகவே இருக்கிறான்.

மரபு பேசுகிறவர்கள் பிரபுல்ல சந்திர ராயின் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர். ‘இந்து வேதியியலின் வரலாறு’ என்று 1902இலும் 1909இலும் இரண்டு தொகுதிகள் எழுதியவர். தலைப்பைக் காட்டுகிறவர்கள் உள்ளே அவர் எழுதியதைக் காட்டுவதில்லை. இந்த நாட்டில் அறிவியல் ஏன் செத்தது என்பதற்கு அவர் சொன்ன முக்கியமான காரணம் சாதி. சாதி இறுகியதும் கைத்தொழில்கள் கீழ்ச்சாதிகளிடம் தள்ளப்பட்டன. யோசிக்கிறவன் பொருளைத் தொடுவதை விட்டான். எப்படி, ஏன் என்கிற கேள்வி அதோடு போனது என்கிறார். வேதியியலை உள்ளுக்குள்ளிருந்து செய்த சாதி விமர்சனம் அது. அந்த அத்தியாயத்தைப் பாடமாக வைக்கட்டும், மரபை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நம்ம பக்கத்திலிருந்தே ஒரு எதிர்ப்பு வரும். வந்தது. எங்க அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னபோது, “அந்த நாத்தத்த வுட்டு ஓடத்தானே உன்னப் படிக்க வெச்சோம், படிப்புலயும் அதுதானா?” என்றது. நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம் பாதி நாள் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. அடுத்த வருஷமே அதை எடுக்க வேண்டிவந்தது. நான் கேட்பது அதற்கு நேர் எதிரானது. நம்ம பிள்ளைகள் தோலையும் மலக்குழியையும் தனியாகப் படிக்க வேண்டாம், அது அவர்களுக்குத் தெரியும். அக்ரகாரத்துப் பிள்ளையும் ஊர்த்தெருப் பிள்ளையும் படிக்க வேண்டும். விருப்பப்பாடமாக இல்லை, மதிப்புக் கல்வியில் இரக்கப்படுகிற கட்டுரையாகவும் இல்லை. பகுதி மூன்றில், மோல் கணக்காக, வாயு விதிகளாக, இரண்டாம் குரூப்பாக, தேர்ச்சி மதிப்பெண்ணோடு. வாயு அளக்கிற கருவி எப்படி வேலை செய்கிறது, அது ஏன் நகராட்சியில் இல்லை என்கிற கேள்வியோடு. “இதெல்லாம் சமூகவியல் சார், கெமிஸ்ட்ரி இல்லை” என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். 14 கிராம் எந்தச் சமூகவியல் தாளில் வரும் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தன்னாட்சிக் கல்லூரிகளில் ஒவ்வொரு துறைக்கும் பாடத்திட்டக் குழு ஒன்று உண்டு. துறை ஆசிரியர்கள், வெளிக் கல்லூரி வல்லுநர்கள், பல்கலைக்கழகம் அனுப்புகிற ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர், தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர் என்று யூ.ஜி.சி. விதியே சொல்கிறது. தொழில்துறைப் பிரதிநிதி என்றால் கம்பெனி மேனேஜர் என்றே எல்லோரும் அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். தோல் ஷாப்புத் தொழிலாளர் சங்கத்திலிருந்தோ, துப்புரவுத் தொழிலாளர் சங்கத்திலிருந்தோ ஒரு ஆளை அந்த நாற்காலிக்குக் கேட்டு மாணவர் அமைப்புகள் மனு கொடுக்கலாம். குழுக் கூட்டத்துக்கு முன்னாடியே கொடுக்க வேண்டும், பாடத்திட்டம் அச்சான பிறகு பிரயோசனமில்லை.